ஆண்களுக்கு மட்டும்

அத்தியாயம் பதினொன்று

"ஆம்பளைங்களுக்கு மட்டும்தாம்மா."

நாலாவது போதை மறுவாழ்வு இல்லமும் அதையே சொல்லிவிட்டுப் போனை வைத்தது. சின்னவள் தாளில் நாலாவது வரியை அடித்தாள். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

பேருந்து நிலையத்தின் விசாரணைக் கூண்டு அது. கண்ணாடியில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்கு முன்னால் பதிமூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு யாரையும் ஜன்னலிலிருந்து திருப்பி அனுப்பக்கூடாது. இங்கே இல்லையென்றால் எங்கே என்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் தெரிந்தவர் யார் என்றாவது சொல்ல வேண்டும்.

இன்று காலையிலிருந்து இந்த நகரம் அவளுக்கு 'இல்லை' என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் பரீட்சை ஹாலில், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே, மேஜைமேல் தலைவைத்துத் தூங்கிப்போனாள் அக்கா. எழுப்பியும் எழவில்லை. அவளுடைய சாக்பீஸ் டப்பாவைத் திறந்தால் உள்ளே சாக்பீஸ் இல்லை. மாத்திரைகள். பள்ளிக்கூடம் அவளை லீவில் அனுப்பிவிட்டது. "நான் பார்த்துக்கறேன், பத்தே நாள்ல சரி பண்ணிடறேன்" என்று அத்தான் மாத்திரைகளை எல்லாம் கக்கூஸில் கொட்டினார். 'அக்கா நல்லா ஓய்வெடுக்கிறா' என்று தினமும் செய்தி அனுப்பினார்.

ஓய்வு என்பதற்கு என்ன அர்த்தம் என்று நேற்று சாயங்காலம்தான் சின்னவளுக்குத் தெரிந்தது. வாசல் கதவில் வெளிப்பக்கமாகத் தொங்கிய, அத்தான் தன் கையாலேயே செய்த பூட்டைப் பார்த்தபோது.

"உன் முகத்தைப் பார்த்தா இன்னைக்கு எல்லா பஸ்ஸும் ரத்துன்னு ஜனங்க நினைச்சுடுவாங்க" என்றார் பக்கத்துக் கூண்டிலிருந்து மைக் அண்ணன். நிலையத்தின் அறிவிப்பாளர். மைக்கில் பேசினால் மந்திரி மாதிரி இருக்கும் குரல், நேரில் மூக்கடைத்த மாதிரி இருக்கும்.

"பேசாம இருங்கண்ணே."

"பேசறதுக்குத்தானேம்மா சம்பளம்" என்றவர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது எண்.

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு."

"பொம்பளைங்களுக்கா? குடிப்பாங்களா?"

"இல்ல. தூக்க மாத்திரை. ஆறு வருஷமா."

அந்தப் பக்கம் சிரிப்பு. "மாத்திரைக்கெல்லாம் யாராவது கொண்டுவந்து சேர்ப்பாங்களா? டப்பாவை ஒளிச்சு வெச்சிடுங்க. வேலை நிறைய கொடுங்க. அசந்து போனா தானா தூக்கம் வந்துடப்போகுது."

"டாக்டர்கிட்ட பேசணும்."

"ஞாயித்துக்கிழமை வருவாரு."

"மத்த ஆறு நாளும்?"

"நான் இருக்கேன்ல."

"நீங்க யாரு?"

"மேனேஜர்."

ஆறாவது இடத்துக்காரர் பேச்சில் தேன் வழிந்தது. பெண்களையும் எடுத்துக்கொள்வார்களாம். வேன் வருமாம். இரண்டு ஆள் இறங்கித் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விடுவார்களாம். "சத்தம் போடுவாங்க, நீங்க கண்டுக்கக்கூடாது. மூணு மாசம் யாரும் பார்க்க வரக்கூடாது. புருஷன் கையெழுத்து இருந்தா போதும்."

"அவ கையெழுத்து?"

"எவ?"

"சேரப்போறவ."

"அவங்களை எதுக்கும்மா கேக்கணும்?"

சின்னவள் போனை வைத்தாள். காது சூடாக இருந்தது. ஓட்டைக்கு வெளியே ஒரு பெரியவர் அரைமணி நேரமாக நிற்பவர்போல் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.

"துறைமுகம் போகணும்மா."

"ஆறாவது மேடை. பத்து நிமிஷத்துல வரும். மணிக்கூண்டுல நிக்காது, அங்க இறங்கணும்னா அடுத்ததுல போங்க." வாய் தன்பாட்டில் சொல்லியது. பெரியவர் நிம்மதியாக நகர்ந்தார். அந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஏழாவது எண் பெரிய ஆஸ்பத்திரி. கடைசியில் எழுதி வைத்திருந்தாள். அங்கே யார் போனை எடுக்கப்போகிறார்கள் என்ற எண்ணம்தான். எடுத்தார்கள். ஒரு பெண் குரல், "லைன்லயே இருங்க, பதினேழாம் ரூமுக்குப் போடறேன்" என்றது. பதினேழாம் அறையில் ஒரு நர்ஸ்.

"எத்தனை நாளாச்சு நிறுத்தி?"

"மூணு நாள்."

"கொஞ்சம் கொஞ்சமா குறைச்சீங்களா?"

"இல்ல. ஒரேயடியா."

நர்ஸின் குரல் மாறியது. "நான் சொல்றதை நல்லா கேட்டுக்கோங்க. இத்தனை வருஷம் சாப்பிட்ட மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்து. இது வைராக்கியத்துல ஜெயிக்கிற சமாச்சாரம் இல்ல. இப்பவே கூட்டிட்டு வாங்க. ஒரு மணிக்கு டாக்டரம்மா கிளம்பிடுவாங்க. வழியில ஏதாவது ஆச்சுன்னா நேரா அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க."

"பொம்பளைங்களுக்கு அங்க…"

"போதை வார்டு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான். அதுக்காக உங்க அக்காவைத் தெருவுலயா போட முடியும்? எங்கயாவது ஒரு கட்டில் தேடறேன். நீங்க கிளம்புங்க."

காலையிலிருந்து ஏழு குரல்களில் ஒன்றுதான் 'எங்கே' என்று சொல்லியிருக்கிறது.

"அண்ணே, கூண்டைப் பார்த்துக்கோங்க."

"எனக்குப் பேசத்தான் தெரியும், பதில் சொல்லத் தெரியாதே" என்றார் மைக் அண்ணன். ஆனால் அதற்குள் எழுந்து அவள் நாற்காலிக்கு வந்துவிட்டார்.

பதினொன்று இருபதுக்கு மூன்றாம் மேடையில் ஏழாம் எண் பஸ். ஓடிப்போய்ப் பிடித்தாள்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்ததும் கோபம் கொஞ்சம் இறங்கி, அதற்கு அடியில் இருந்தது மேலே வந்தது. அது கோபத்தைவிட மோசமானது. இந்த ஆறு வருஷமும் அக்காவின் பொறுமையைப் பற்றி அவள் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள். 'எங்க அக்காவுக்குக் கோபமே வராது தெரியுமா?' சின்ன வயதில் அப்படி இல்லை அக்கா. கதவை அறைந்து சாத்துவாள், தட்டைத் தள்ளிவிடுவாள், அடுத்த நிமிஷம் வந்து கட்டிக்கொள்வாள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகுதான் மாறினாள். என்ன சொன்னாலும் ஒரு மெல்லிய புன்னகை. எது நடந்தாலும் 'பரவாயில்ல குட்டி.'

அந்தப் 'பரவாயில்லை' சின்னவளுக்கு வசதியாக இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சண்டை போடாத அக்காவை எல்லோருக்கும் பிடித்திருந்தது. சண்டை போடுகிற அக்கா எங்கே போனாள் என்று யாருமே கேட்கவில்லை.

அக்கா வீட்டு வாசலில் பூட்டு அப்படியே தொங்கியது. அத்தான் பூட்டுக்காரர். கடைத்தெருவில் அவர் கடையைக் கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். 'நான் போட்ட பூட்டை நான்தான் திறக்கணும்' என்பது அவர் பேச்சு மட்டுமல்ல, கடைப் பலகையிலேயே எழுதியிருக்கும்.

முன் ஜன்னலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தனியாக உயிர் வந்ததுபோல் நடுங்கின. முகமெல்லாம் வியர்வை.

"குட்டி, சுவத்துல எறும்பு போகுதா?"

"இல்லக்கா."

"எனக்கும் இல்லன்னுதான் தெரியும். ஆனா போகுது." பேச்சு குழறியது. "பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழா சொல்லிப் பார்க்கறேன். நூத்திரண்டு வரைக்கும் வருது. அதுக்கப்புறம் ஓடிடுது."

"நாக்குல என்னக்கா?"

"கடிச்சுக்கிட்டேன் போல. எப்பன்னு தெரியல. விடிஞ்சு பார்த்தா தரையில கிடக்கேன். துணியெல்லாம் நனைஞ்சிருந்துச்சு." வெட்கத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு அப்படியெல்லாம் ஆனதே இல்ல குட்டி."

நர்ஸ் சொன்ன வார்த்தை சின்னவளின் காதில் திரும்ப ஒலித்தது. வலிப்பு. வந்தே விட்டது. பூட்டிய வீட்டுக்குள், தனியாக வந்து, தனியாகப் போயிருக்கிறது.

"தரையிலயே உட்காருக்கா. எங்கயும் ஏறாதே, நிக்காதே. இதோ வந்துட்டேன்."

கடை இரண்டு தெரு தள்ளி. அத்தான் அரத்தை வைத்து ஒரு சாவியை ராவிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் ஒருவர் எதிரே நின்று, "ஏங்க, இது ரெண்டாவது சாவி. இதுவும் நுழைய மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டிருந்தார். அத்தான் ஒரு சாவியைக் கெடுத்துச் சின்னவள் பார்த்ததே இல்லை. கண் இமைகள் கனத்து, தூக்கக் கலக்கத்தில் நிற்பவர்போல் இருந்தார்.

"சாவியைக் கொடுங்க அத்தான்."

"வா சின்னவளே, உட்காரு. இன்னும் ஏழே நாள்…"

"அக்காவுக்கு வலிப்பு வந்திருக்கு."

அரம் நின்றது.

"நாக்கைக் கடிச்சுக் கிழிச்சிருக்கா. உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

"விடியக்காலம் பக்கத்து ரூம்ல ஏதோ விழுந்த சத்தம்…" அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கண்ணைத் திறக்கவே முடியல எனக்கு. சாவிக்காகக் கோவத்துல சாமானைத் தள்ளிவிடறான்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க, திரும்பிப் படுத்தீங்க. காலைல எழுந்து பூட்டிட்டு வந்துட்டீங்க!"

"அவளை நான் பூட்டலம்மா. மருந்துக்கடையைப் பூட்டினேன். தெருவைப் பூட்டினேன்."

"தெரு வெளியில இருக்கு அத்தான். உள்ள இருக்கறது எங்க அக்கா!"

வாடிக்கையாளர் கெட்டுப்போன சாவியையே எடுத்துக்கொண்டு நழுவினார்.

"மெதுவா பேசு" என்றார் அத்தான். "ஆஸ்பத்திரில பேர் எழுதுவாங்க. கணக்கு டீச்சர் போதைன்னு பள்ளிக்கூடத்துச் சுவத்துல எழுதுவாங்க. அவ அதுக்கப்புறம் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா?"

"உயிரோட இருந்தாத்தானே நடக்கறதுக்கு? குடிச்சுட்டு ரோட்டுல விழற ஆம்பளைக்கு இந்த ஊர்ல எத்தனை கட்டில் இருக்கு தெரியுமா? காலைலேர்ந்து கேட்டுட்டு வரேன். பொம்பளை விழுந்தா மட்டும் கதவைச் சாத்தணும். ஏன்? மானம்! யாரோட மானம் அத்தான்? அவளோடதா, கடைப் பலகையோடதா?"

அவர் இடுப்புக் கொத்திலிருந்து சாவியைப் பிரிக்க முயன்றார். வளையம் நகத்தில் சிக்கவில்லை. கடைசியில் கொத்தோடு எழுந்து நடந்தார். கடை திறந்தது திறந்தபடி கிடந்தது. வேறு நாளாக இருந்தால் அதைப் பார்த்துச் சின்னவள் கேலி செய்திருப்பாள்.

கதவு திறந்ததும் அக்கா முதலில் செய்தது, கணவரின் கையிலிருந்த பூட்டை வாங்கிக்கொண்டதுதான். டாக்ஸியில் வழிநெடுக அதை மடியில் வைத்திருந்தாள். கனமான பித்தளைப் பூட்டு. அவள் கை நடுக்கத்தில் அதன் வளையம் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம்தான் பேசியது.

பன்னிரண்டு நாற்பத்தைந்துக்குப் பதினேழாம் அறை. டாக்டரம்மா கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். அக்காவைப் பார்த்ததும் பையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

நாக்கைப் பார்த்தார். கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பரிசோதனைக் கட்டிலில் உட்காரவைத்து நர்ஸ் ஊசி போட்டாள். கால்மணி நேரத்தில் விரல்களின் ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா திரும்பினார்.

"யாரு நிறுத்தினது?"

"நான்தான்" என்றார் அத்தான். "நல்லதுக்குத்தான்…"

"மாடியில இருக்கறவங்களைப் படி வழியா இறக்கணும். நீங்க ஜன்னல் வழியா இறக்கியிருக்கீங்க."

அத்தான் தரையைப் பார்த்தார்.

"ஆறு வருஷத்துல மூளை இந்த மாத்திரையை நம்பியே வேலை செய்யப் பழகிடுச்சு. இது குணக்கேடும் இல்ல, மனவுறுதி இல்லாததும் இல்ல. திரும்பவும் மாத்திரை கொடுத்து, அளவா, வாரக்கணக்கா, மாசக்கணக்கா குறைக்கணும். கூடவே பேசணும். எதுக்காகத் தூக்கம் போச்சுன்னு யாராவது கேக்கணும்." அக்காவின் பக்கம் குனிந்தார். "உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா டீச்சர்?"

அக்கா தலையை ஆட்டினாள். இல்லை.

"ஆபரேஷன் பண்ணின டாக்டர் எழுதின சீட்டுல இருந்ததைத்தான் சாப்பிட்டேன் டாக்டர். முதல்ல ஒண்ணு. அப்புறம் ஒண்ணு போதலை." குரல் உடைந்தது. "ஏமாத்தணும்னு நினைக்கல. சாக்பீஸ் டப்பால ஒளிச்சு வெச்ச அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் ஏதோ தப்புல இருக்கேன்னு."

"அந்தச் சீட்டு இருக்கா?"

அத்தான் பர்ஸிலிருந்து எடுத்தார். மடிப்புகளில் எல்லாம் டேப் ஒட்டிய பழைய தாள். டாக்டரம்மா படித்தார். மூக்கு விடைத்தது.

"பத்து நாளைக்குன்னு எழுதியிருக்கு. எழுதினவர் பதினோராவது நாள் கூப்பிட்டுப் பார்த்தாரா?"

"இல்ல."

"மருந்துக்கடையில யாராவது, இது முடிஞ்சுபோன சீட்டுன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"ஒரு பஸ் டிக்கெட்டைக்கூட ரெண்டாவது தடவை காட்டினா இறக்கிவிட்டுடுவாங்க!" என்றாள் சின்னவள். அவளால் அடக்க முடியவில்லை. "பத்து நாள் சீட்டுல ஆறு வருஷம் ஓட்டியிருக்காங்க. ஒருத்தர் கேக்கல. டீச்சர் தூங்கிட்டாங்கன்னதும் மட்டும் ஊரே கேக்குது."

டாக்டரம்மா தாளைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கக் கடை முத்திரைகள், ஒன்றன்மேல் ஒன்று, ஒவ்வொன்றிலும் தேதி. விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தவர், கடைசி முத்திரையில் நிறுத்தினார்.

"டீச்சர் எத்தனை நாளா வீட்டுக்குள்ள இருக்காங்க?"

"மூணு நாள்" என்றாள் சின்னவள். "வெளியில பூட்டு."

"இது நேத்து தேதி."

அத்தானின் கை சட்டைப்பைக்குப் போனது.

"தாங்கலைன்னா… அவளுக்குக் கொடுக்கலாமேன்னு வாங்கினேன்" என்றார் அத்தான்.

"கொடுத்தீங்களா?"

அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். "எனக்கு எதுவும் கொடுக்கல."

"அட்டையை எடுங்க" என்றார் டாக்டரம்மா.

சட்டைப்பையிலிருந்து மேஜைக்கு வந்தது. பத்து மாத்திரை அட்டை. நாலு குமிழ் காலியாக, கிழிந்த வெள்ளித்தாளோடு பளபளத்தது.

நுழையாத இரண்டு சாவிகள். வளையத்தில் சிக்காத நகம். 'கண்ணைத் திறக்கவே முடியல எனக்கு.' காலையிலிருந்து கண்ணெதிரே கிடந்தவற்றை எல்லாம் சின்னவள் இப்போதுதான் பார்த்தாள். எல்லோருக்கும் வழி சொல்லுகிறவளுக்கு ஒரு வீட்டுக்குள் நடந்தது தெரியவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார் டாக்டரம்மா. அதட்டலாக இல்லை. அக்காவிடம் கேட்ட அதே குரல்.

"இவ ராத்திரியெல்லாம் அழுதுட்டிருப்பா அப்ப… எனக்கும் தூக்கம் போச்சு. இவளோடதுல பாதி எடுத்தேன்." எச்சிலை விழுங்கினார். "ரெண்டு வருஷம் இருக்கும். நான் இவ மாதிரி இல்ல. நான் நினைச்சா விட்டுடுவேன்."

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை. "நானும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினாள். டீச்சருக்குப் பெண்கள் பொது வார்டின் கடைசியில், சாமான் அறைக் கதவை ஒட்டி ஒரு மடக்குக் கட்டில் போடச் சொல்லியிருந்தாள். அதற்கே மூன்று பேரிடம் சண்டை பிடித்திருந்தாள். இப்போது நிமிர்ந்து சொன்னாள்:

"டாக்டர், ஆம்பளைங்க வார்டுல மூணு கட்டில் காலி. இவரை இப்பவே போட்டுடலாம். தேடவே வேண்டாம்."

தேடவே வேண்டாம்.

சின்னவளுக்குள் காலையிலிருந்து கொதித்தது எல்லாம் ஒரே மூச்சில் பொங்கி, வாசல்வரை வந்து, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நின்றது. பூட்டிப்போட்டவருக்கு மெத்தையோடு கட்டில் காத்திருக்கிறது. பூட்டுக்குள் கிடந்தவளுக்குச் சாமான் அறை வாசல். கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்ற மனிதரைப் பார்த்தால், கத்துவதற்கு அங்கே வில்லன் யாரும் இல்லை. தூங்க முடியாத இன்னொருவர்தான் இருந்தார்.

"உங்க பேரைச் சொல்லுங்க" என்று நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.

அத்தான் சட்டென்று சட்டைப்பையைத் தடவினார். வாசலைப் பார்த்தார்.

"கடையைப் பூட்டாம வந்துட்டேன்" என்றார். "பூட்டிட்டு வந்துடறேன். அஞ்சே நிமிஷம்."

யாரும் பதில் சொல்வதற்குள் தாழ்வாரத்தில் இறங்கிவிட்டார். அவர் செருப்புச் சத்தம் முதலில் நடந்தது, பிறகு ஓடியது. மேஜைமேல் இருந்த அட்டையைக் காணவில்லை.

"அவருக்கும் திடீர்னு நின்னா இதே கதிதான்" என்றார் டாக்டரம்மா. "யாராவது போங்க."

சின்னவள் அசையவில்லை. அக்காவின் கை அவள் கைக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டு அந்த மனிதரின் பின்னாலா ஓடுவது? அவருக்காகவா?

அக்காவே கையை விடுவித்துக்கொண்டாள். மடியிலிருந்த பூட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். கண்ணில் நீர் நின்றது. ஆனால் ஆறு வருஷமாகக் காணாமல் போயிருந்த பழைய கோபமும் அங்கே தெரிந்தது. கதவை அறைந்து சாத்துகிறவளின் கோபம். அதைப் பார்த்ததும் சின்னவளுக்கு அழுகை வந்தது.

"போ குட்டி, பிடிச்சுட்டு வா" என்றாள் அக்கா. "ஆனா பூட்டிடாதே."